முற்றும்

சென்ற ஆண்டில் நான் என்ன சாதித்தேன் என்று யாராவது கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாவல் ஒன்றும் எழுதி முடிக்கவில்லை. எழுத ஆரம்பித்த ஒன்று பதினேழாவது அத்தியாயத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது. ஆனால் எட்டு விளையாட்டுகளை ஆடி முடித்தேன். சதுரங்கமோ பிரிட்ஜோ என்றால் சபையில் சொல்லிக்கொள்ளலாம். நான் முடித்தவை விடியோ விளையாட்டுகள். அதிலும், இன்றைய பிள்ளைகள் பார்த்தால் பரிதாபப்பட்டுச் சிரிக்கக்கூடிய, முப்பது நாற்பது வருஷத்துப் பழைய சரக்குகள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டை விற்றுப் பத்திரம் முடிந்தபின், பரணைக் காலி செய்ய நான் போயிருந்தேன். என் தம்பி வரவில்லை. வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று எங்களுக்குள் மூண்ட வாக்குவாதத்தில், சொல்லக்கூடாத வார்த்தைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டன. ஐந்து வருஷமாகப் பேச்சு இல்லை. பூனாவிலிருந்து வக்கீல் மூலமாகக் கையெழுத்து மட்டும் வந்தது. பரணில் இருந்த வெண்கலப் பானைகளுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவில் அவனுடைய ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடந்தது. கடைசிப் பக்கத்தில், ‘முடிக்க வேண்டியவை’ என்று தலைப்பிட்டு, கோணல் மாணலான எழுத்தில் பதினொரு பெயர்கள். இரண்டுக்கு எதிரே மட்டும் சிவப்பு மையில் ‘டிக்’ அடித்திருந்தது.

எல்லாம் விளையாட்டுகளின் பெயர்கள். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. டெலிவிஷனோடு இணைத்து, மேலே ஒரு ‘கேஸட்’டைச் செருகி ஆட வேண்டும். அது புகழ்பெற்ற ஜப்பானியப் பெட்டி ஒன்றின் நகல் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். நோட்டோடு ஊர் திரும்பினேன். பழைய இயந்திரங்களைப் போலவே நடிக்கக்கூடிய செயலி ஒன்றை என் பெண் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். “அப்பா, ஒரு வாரத்தில் அலுத்துவிடும்” என்றாள். ஒரு வருஷம் ஆயிற்று.

பட்டியலை வரிசையாக முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டாவது பெயரிலேயே தடுக்கி விழுந்தேன். அது ‘பாக்மேன்’. எத்தனை ஆடினாலும் அது முடியவே இல்லை. பிறகு சரித்திரத்தைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. முடிவு என்ற ஒன்றே இல்லாமல்தான் இந்த விளையாட்டுகள் பிறந்திருக்கின்றன!

1972-ல் அமெரிக்காவில் அடாரி என்ற கம்பெனி ‘பாங்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. திரையில் இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி. மேஜைப் பந்தாட்டம் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் இயந்திரத்தைக் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாட்களில் அது வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. போய்த் திறந்து பார்த்தால், காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்திருக்கிறது. வேறு கோளாறு ஒன்றும் இல்லை. அன்றைக்கே இந்தத் தொழிலின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கு முடிவு எதற்கு? ஆடுகிறவன் சீக்கிரம் தோற்க வேண்டும். ஆனால் இன்னொரு காசு இருந்தால் ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு தோற்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

1978-ல் ஜப்பானியரான நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அப்படிப்பட்டது. ஐந்து வரிசையில் ஐம்பத்தைந்து விண்வெளிப் பூச்சிகள் இறங்கி வரும். நாம் கீழே நின்று சுட வேண்டும். பூச்சிகள் குறையக் குறைய, மிச்சமிருப்பவை வேகமாகப் பாயும். பிரமாதமான நாடக உத்தி என்று நான் வியந்தேன். உண்மையில் அது உத்தியே அல்ல. அத்தனை பூச்சிகளையும் திரையில் வரைய அந்தக் காலத்துக் கருவிக்குச் சக்தி போதவில்லை. பூச்சிகள் சாகச் சாக அதன் பாரம் குறைந்து, தானாக வேகம் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். குறையைக் கலையாக்கிய அந்தப் புத்தியை ஓர் எழுத்தாளன் என்ற முறையில் நான் வணங்குகிறேன்.

1980-ல் வந்த பாக்மேனைப் படைத்தவர் இவாடானி. அதில் துரத்தி வரும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்புப் பேய் நேரே பின்னால் வரும். இளஞ்சிவப்புப் பேய் நாம் போகும் வழிக்கு முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். இந்த ஆட்டத்தை இவாடானி முடிவில்லாததாகத்தான் நினைத்தார். ஆனால் விதி வேறு விதமாக நினைத்தது. எத்தனையாவது கட்டம் என்று எண்ணுவதற்கு அந்த இயந்திரத்தில் இருந்த இடம் சிறியது. 255-க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 256-வது கட்டத்தில் கணக்குக் குழம்பி, திரையின் வலது பாதி முழுவதும் எழுத்தும் எண்ணுமாகச் சிதறிப்போகிறது. இடது பாதி மட்டும் ஒழுங்காக இருக்கிறது. அதற்கு மேல் யாராலும் போக முடியாது. தவறே செய்யாமல் அதுவரை ஆடுகிறவனுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கை 33,33,360. நான் எட்டிய கட்டம் ஒன்பது. பட்டியலில் பாக்மேன் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

முடிவு என்பது எப்போது வந்தது? விளையாட்டு கடைத்தெருவை விட்டு வீட்டுக்குள் வந்தபோது வந்தது. கேஸட்டைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று. இனி ஆடுகிறவனைத் தோற்கடித்துக் காசு பறிக்க முடியாது. அவனுக்கு வேறு ஏதாவது ஒரு நிறைவைக் கொடுத்தாக வேண்டும். 1980-ல் அடாரியின் வீட்டுப் பெட்டிக்காக வெளிவந்த ‘அட்வெஞ்சர்’ அந்த மாறுதலுக்கு நல்ல உதாரணம். தொலைந்துபோன ஒரு மந்திரக் கிண்ணத்தைத் தேடிக் கொண்டுவந்து தங்கக் கோட்டைக்குள் வைக்க வேண்டும். வைத்தால் ஆட்டம் முடிந்தது. கதாநாயகன் ஒரு சிறு சதுரம். பறவை நாகங்கள் வாத்து மாதிரி இருக்கும். ஆனாலும் அதில் ஒரு பிரயாணம் இருக்கிறது. திரும்பி வருவது இருக்கிறது.

அதைத் தனியொருவராக எழுதியவர் வாரன் ராபினெட். அந்தக் காலத்தில் அடாரி தன் படைப்பாளிகளின் பெயரைப் போடுவதில்லை. சம்பளம் மட்டும் உண்டு. ராபினெட் வாய் திறக்காமல் ஒரு காரியம் செய்தார். இருண்ட பாதை ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னப் புள்ளி ஒன்றை ஒளித்து வைத்தார். அதைக் கண்டெடுத்துக் குறிப்பிட்ட சுவரண்டை கொண்டுபோனால் சுவர் வழி விடும். உள்ளே இருக்கும் அறையில், இதைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். கம்பெனியில் ஒருவருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டார். புனைபெயரிலும் பெயரில்லாமலும் எத்தனையோ எழுதித் தொலைத்தவன் நான். அந்த அறைக்குள் நுழைந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெற்றி வந்தால் அவசரமும் வருகிறது. 1982-ல் புகழ்பெற்ற சினிமாப் படமான ‘ஈ.டி.’யை விளையாட்டாக்க அடாரி உரிமை வாங்கியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வந்தாக வேண்டும் என்று, அதை எழுத ஹோவர்டு வார்ஷாவுக்குக் கொடுத்த அவகாசம் சுமார் ஐந்து வாரம். நாயகன் குழியில் விழுந்துகொண்டே இருக்கும் ஆட்டமாக அது முடிந்தது. விற்காமல் குவிந்த சரக்கை 1983-ல் நியூ மெக்ஸிகோவில் அலமோகோர்டோ என்ற ஊர்க் குப்பைமேட்டில் கொட்டி மூடினார்கள். அந்த ஒரு ஆட்டமே காரணம் என்று சொல்வது அநியாயம். மட்டரகச் சரக்குகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து குவிந்து, அமெரிக்க விளையாட்டு வியாபாரமே அந்த ஆண்டு படுத்துவிட்டது. 2014-ல் அந்த மேட்டைத் தோண்டியபோது, பல விதமான ஆட்டங்களில் ஏறக்குறைய 1,300 கேஸட்டுகளை வெளியே எடுத்தார்கள். வாராவாரம் புதன்கிழமை மாலைக்குள் அத்தியாயம் கொடுத்தாக வேண்டும் என்று ஓடிய என் தொடர்கதை நாட்கள் ஞாபகம் வந்தன. எந்தக் குப்பைமேட்டில் அவை புதைந்திருக்கின்றனவோ!

அமெரிக்காவில் கவிழ்ந்த வண்டியை ஜப்பானியர்கள் நிமிர்த்தினார்கள். 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்து விற்க ஆரம்பித்த கடைதான் நின்டெண்டோ. அது 1983-ல் வெளியிட்ட வீட்டுப் பெட்டியின் நகல்தான் எங்கள் மாமா கொண்டுவந்தது. 1985 செப்டம்பரில் ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ வந்தது. எட்டு உலகங்கள்; உலகத்துக்கு நான்காக முப்பத்திரண்டு கட்டங்கள். இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு இதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். மேலே மிதக்கும் மேகமும் கீழே நிற்கும் புதரும் ஒரே உருவம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். எத்தனை நூறு தடவை அதைப் பார்த்திருப்பேன்! ஒரு நாளும் கவனித்ததில்லை.

அந்த ஆட்டத்தை இருவர் முறை வைத்து ஆடலாம். மேரியோ செத்தால் அடுத்து லூயிஜியின் முறை. நான் மூத்தவன், ஆகையால் நான்தான் எப்போதும் மேரியோ. தம்பி லூயிஜி. கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு, நான் எப்போது சாவேன் என்று அவன் காத்திருப்பான். நான் நன்றாக ஆடிய நாட்களில் அவனுக்குக் கிடைத்தது காத்திருப்புத்தான். “அண்ணா, போதும், விட்டுக் கொடு” என்பான். நான் விட்டதில்லை.

ஒவ்வொரு கோட்டையின் முடிவிலும், ராஜகுமாரி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று ஒரு சேவகன் சொல்வான். எட்டாவது கோட்டையில்தான் அவள் இருப்பாள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர வழியில்லை. நாலாவது உலகத்துக்கும் எட்டாவது உலகத்துக்கும் தாவும் குறுக்கு வழிக் குழாய்கள் இருப்பது உண்மைதான். நான் அவற்றைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். நாற்பத்தைந்து வயதில், முதுகுவலியோடு, மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜகுமாரியைக் கண்டேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, இன்னும் கடினமாக மறுபடியும் ஆடலாம் என்றாள். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பார்த்தாகிவிட்டதா? இனிமேலாவது குளியுங்கள்” என்றாள்.

விட்ட இடத்தில் தொடருவதற்குப் பிற்பாடு இரண்டு வழிகள் வந்தன. 1986-ல் ஜப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்தில், நிறுத்தும்போது ராஜா இருபது எழுத்து மந்திரம் ஒன்றைச் சொல்வார். அதைப் பிழையில்லாமல் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் திருப்பிச் சொன்னால் நாயகன் உயிர்த்தெழுவான். ஓர் எழுத்து மாறினாலும் போச்சு! இன்னொன்று, மியாமோட்டோ தாம் சிறு வயதில் குகைகளில் விளக்கோடு திரிந்த நினைவிலிருந்து செய்த ‘ஸெல்டா’. 1987-ல் அமெரிக்காவுக்கு வந்த அதன் கேஸட்டுக்குள் சின்ன பாட்டரி ஒன்றை வைத்தார்கள். ஆடியவனின் ஞாபகத்தை அது காத்து வைத்திருக்கும். பாட்டரி தீர்ந்துபோனால் ஞாபகமும் போய்விடும். யாரோ ஒரு பையன் வருஷக்கணக்கில் சேர்த்த வெற்றி எல்லாம், பரணில் சத்தமில்லாமல் அழிந்துபோகும். காகிதமே மேல் என்று தோன்றியது. தம்பியின் சிவப்பு மை இன்னும் மங்கவில்லை.

அவன் டிக் அடித்திருந்த இரண்டில் ஒன்று ‘காண்ட்ரா’. அதற்கு ஒரு ரகசியம் உண்டு. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம் என்று அழுத்தி, பி, ஏ என்ற பொத்தான்களை அமுக்கினால் முப்பது உயிர்கள். முதன்முதலில் இந்த மந்திரத்தை 1986-ல் வேறொரு ஆட்டத்தில் வைத்தவர் ஹாஷிமோட்டோ. ‘கிராடியஸ்’ என்ற அந்த ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது அது அவருக்கே ஆடமுடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததாம். தமக்காக வைத்துக்கொண்ட சலுகை உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சொத்தாகிவிட்டது. அவர் 2020-ல் காலமானார். நானும் அந்தச் சலுகையில்தான் ஜெயித்தேன். தம்பியும் அப்படித்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ என்ற 1985-ஆம் வருஷத்து ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வீரன் பேய்களோடு போராடி ராஜகுமாரியை மீட்க வேண்டும். ஓர் அடி பட்டால் கவசம் கழன்று உள்ளாடையோடு ஓடுவான். இரண்டு மாதம் பாடுபட்டு இறுதிக்கு வந்தேன். வந்தால், நீ கண்டதெல்லாம் சாத்தானின் மாயை, முதலிலிருந்து மறுபடி வா என்று திருப்பி அனுப்பிவிட்டது! இரண்டாம் தடவை முடித்தால்தான் உண்மையான முடிவு. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு கொடுமையாக நடந்துகொண்டதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

முடிவில்லாத இன்னொன்று பட்டியலில் இருந்தது, அது ‘டெட்ரிஸ்’. 1984-ல் மாஸ்கோவில், ஸோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர் நிலையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதினார். அவருடைய கருவிக்குப் படம் வரையத் தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். மேலிருந்து ஏழு விதமான துண்டுகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வரிசை மறையும். நன்றாகச் செய்த வேலை உடனே காணாமல் போய்விடும், தவறுகள் மட்டும் குவிந்து நிற்கும். இல்லறத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. உரிமை சர்க்காரிடம் போய்விட்டதால், 1996 வரை பஜித்னோவுக்கு அந்த ஆட்டத்திலிருந்து உரிமைத் தொகை வரவில்லை. நின்டெண்டோ பெட்டிக்கு வந்த டெட்ரிஸையும் மனிதனால் முடிக்க முடியாது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் 157-வது கட்டம் வரை ஆடினான். அங்கே இயந்திரம் திணறி உறைந்து நின்றுவிட்டது. மனிதன் களைக்கவில்லை, ஆட்டம்தான் களைத்தது.

கடைசியாக வைத்துக்கொண்டது ‘பிரின்ஸ் ஆஃப் பர்ஷியா’. தம்பியின் இரண்டாவது சிவப்பு அடையாளம் அதற்குத்தான். அது வீட்டுப் பெட்டி ஆட்டம் அல்ல. எங்கள் தெருக்கோடியில் இருந்த கம்ப்யூட்டர் வகுப்பில், பாடம் முடிந்த அரைமணியில் ஆடியது. பாரசீக இளைஞன் ஒருவன் நிலவறையிலிருந்து தப்பி, அறுபது நிமிஷத்துக்குள் ராஜகுமாரியை மீட்க வேண்டும். அதற்கு முன் எந்த ஆட்டத்திலும் மனிதன் அப்படி ஓடியதில்லை, அப்படி மூச்சு வாங்கித் தாவியதில்லை. காரணம், அவன் உண்மையான மனிதன். அதை எழுதிய ஜோர்டன் மெக்னர், 1985-ல் தம்முடைய தம்பி டேவிடை ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லிப் படம் பிடித்தார். பிறகு அந்தப் படங்களின்மேல் ஒவ்வொன்றாக வரைந்து நாயகனை உண்டாக்கினார். சங்கீதம் அவருடைய தகப்பனார் அமைத்தது. நான்கு வருஷ உழைப்புக்குப் பின் 1989-ல் ஆட்டம் வெளிவந்தது. அதன் மூலப் பிரதி தொலைந்துவிட்டதென்று நினைத்திருந்தார்கள். 2012-ல் மெக்னரின் தகப்பனார் வீட்டில் பழைய பெட்டி ஒன்றில் அது கிடைத்தது.

ஆட்டத்துக்கு எதிரி வேண்டும். ஆனால் புது உருவம் வரைய அந்தக் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் இடம் மிச்சமில்லை. மெக்னர், நாயகனின் படங்களையே கொஞ்சம் நிறம் புரட்டி நிழல் மனிதன் ஒருவனாக்கினார். ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாயகன் பாயும்போது, அவன் எதிர்ப்பக்கமாக வெளியே குதிப்பான். அப்புறம் நமக்குரிய மருந்தைக் குடித்துவிடுவான்; கதவை மூடி நம்மைக் கீழே தள்ளுவான். பன்னிரண்டாவது கட்டத்தில் வாளோடு எதிரே வந்து நிற்பான்.

அங்கேதான் நான் மூன்று வாரம் நின்றேன். நன்றாகத்தான் சண்டை போட்டேன். ஆனால் அவனை ஓர் அடி அடித்தால், எனக்கும் ஓர் உயிர் குறைந்தது. கடைசி அடியில் இருவரும் சேர்ந்து விழுந்தோம். “கம்ப்யூட்டரில் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் அப்பா” என்றாள் பெண். வேண்டாம் என்றேன். இதைத் தாண்டியவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் பன்னிரண்டு வயதில் தாண்டியிருந்தான். நான் அன்று பக்கத்தில் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு டெலிபோன் செய்தேன். எடுத்தவன் ஒன்றும் பேசவில்லை. நானும் க்ஷேமம் விசாரிக்கத் தெரியாமல், “அந்த நிழல் ஆசாமியை எப்படிடா கொன்றாய்?” என்று கேட்டுவிட்டேன். வெகுநேரம் மௌனம். வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

“கொல்லவில்லை, அண்ணா” என்றான். “வாளை உறையிலே போடு. அவனும் போட்டுவிடுவான். அப்புறம் நேரே அவனைப் பார்த்து ஓடு. ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவீங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நோட்டு கிடைச்சுதா?” என்றான்.

அப்படியே செய்தேன். இருவரும் ஒருவரானோம். அதற்கப்புறம், எதிரே பாதாளமாக இருந்த இடத்தில், காலை வைக்க வைக்கத் தரை முளைத்தது. நான் ராஜகுமாரியை அடைந்தபோது அறுபது நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. சிவப்பு மையில் அவன் போட்ட டிக்கின் பக்கத்திலேயே நீல மையில் ஒன்று போட்டேன்.

பதினொன்றில் எட்டு முடிந்தது. இரண்டுக்கு முடிவே இல்லை. பாக்கி, உள்ளாடையோடு ஓடும் அந்த வீரனின் கதை ஒன்றுதான். இரண்டு தடவை முடிக்க வேண்டியதை ஒருவனே ஏன் முடிக்க வேண்டும்? பொங்கலுக்குத் தம்பி வருகிறான். முதல் முறை அவனுடையது என்று சொல்லியிருக்கிறேன்.